இங்கிலாந்துப் பள்ளிக்குக் கணித ஆசிரியர் விண்ணப்பம்: சி.வி.யும் ஸ்டேட்மென்ட்டும்

கேள்வி | 2025 பிப்ரவரி 8 | பாளையங்கோட்டை வாசகர்

அக்கா, வணக்கம். எம்.எஸ்சி. கணிதம், பி.எட். முடித்து ஒரு மெட்ரிக் பள்ளியில் வேலை பார்க்கிறேன். பத்தாம் வகுப்பில் வருஷா வருஷம் நூறு சதவீதத் தேர்ச்சி. இங்கிலாந்தில் கணக்கு வாத்தியாருக்குத் தட்டுப்பாடு என்கிறார்கள். நானும் கண்ணில் படுகிற பள்ளிக்கெல்லாம் சி.வி. அனுப்பிப் பார்த்துவிட்டேன். ஒரு பதில் கிடையாது. இந்தியப் பெயரைப் பார்த்ததுமே ஒதுக்கிவிடுகிறார்கள் என்றுதான் நினைக்கிறேன். சி.வி.யை இணைத்திருக்கிறேன். எங்கே கோளாறு என்று சொல்லுங்கள்.

பிப்ரவரி 8, இரவு

தம்பி, சி.வி.யை முழுக்கப் படித்தேன். பெயரைப் பார்த்து ஒதுக்குவது எங்கேயுமே நடக்காது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் விஷயம் அந்தக் கட்டத்துக்கே வரவில்லை. இங்கே இங்கிலாந்தில் பள்ளிகள் வெறும் சி.வி.யை வைத்துக்கொண்டு யாரையும் நேர்காணலுக்குக் கூப்பிடுவதில்லை. 'கீப்பிங் சில்ட்ரன் சேஃப் இன் எஜுகேஷன்' என்று பிள்ளைகள் பாதுகாப்புக்கான அரசு வழிகாட்டி ஒன்று இருக்கிறது. ஆள் எடுக்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று அதில் ஒரு பகுதியே உண்டு. சி.வி. வாங்கினாலும் முழு விண்ணப்பப் படிவத்தோடு சேர்த்துத்தான் வாங்க வேண்டும் என்று அது சொல்கிறது. பள்ளி அலுவலக மெயிலுக்கு நீங்கள் அனுப்பியதெல்லாம் கணிதத் துறை வரைக்கும் வந்திருக்க வாய்ப்பே குறைவு.

விளம்பரம் வந்த வேலைக்கு, அந்தப் பள்ளியின் படிவத்தில், அந்த வேலைக்கென்று எழுதிய ஸ்டேட்மென்ட்டோடு (அந்த வேலைக்கு நீங்கள் எப்படிப் பொருத்தம் என்று நீங்களே எழுதும் விளக்கம்) விண்ணப்பிக்க வேண்டும். விளம்பரங்களுக்கு அரசே 'டீச்சிங் வேகன்சிஸ்' என்ற இலவசத் தளம் நடத்துகிறது. நான் லண்டனில் ஒரு மேல்நிலைப் பள்ளியின் கணிதத் துறையில் இருக்கிறேன். வருகிற விண்ணப்பங்களைப் படித்து நேர்காணலுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குழுவிலும் இருக்கிறேன். மதுரைப் பக்கம் பாடம் எடுத்துவிட்டு வந்தவள் என்பதால் இரண்டு பக்கத்துப் பழக்கமும் தெரியும். ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

பிப்ரவரி 9

சி.வி.க்கு முன்னால் இரண்டு விஷயம்.

ஒன்று, கியூ.டி.எஸ். இங்கிலாந்தில் தகுதி பெற்ற ஆசிரியர் என்பதற்கான அங்கீகாரம் அது. 2023 பிப்ரவரியிலிருந்து இந்தியாவில் தகுதி பெற்றவர்களும் கல்வித் துறையின் தளத்தில் நேரடியாக விண்ணப்பிக்கலாம். 11 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்குக் கணிதம், அறிவியல் அல்லது மொழிப் பாடம் சொல்லித்தரத் தகுதி பெற்றிருக்க வேண்டும். உங்களுக்கு அது சரியாகப் பொருந்துகிறது. அதற்குக் கட்டணம் இல்லை. 'கியூ.டி.எஸ். வாங்கித் தருகிறோம், இவ்வளவு லட்சம் ஆகும்' என்று யாராவது கன்சல்டன்சி சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பிரிட்டனில் ஆசிரியர் வேலை தேடித் தர, வேலை தேடுபவரிடமே பணம் வாங்குவதை 1973-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஏஜென்சிக்குப் பணம் தரவேண்டியது பள்ளிதான். நகையை அடகு வைத்துப் பணம் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

இரண்டு, விசா. ஸ்கில்டு ஒர்க்கர் என்ற வேலை விசாவுக்குப் பள்ளியிடம் ஸ்பான்சர் லைசென்ஸ், அதாவது வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க அரசு தரும் அனுமதி, இருக்க வேண்டும். எல்லாப் பள்ளியிடமும் அது கிடையாது. விளம்பரத்திலேயே ஸ்பான்சர் செய்வார்களா என்று பெரும்பாலும் போட்டிருக்கும். இல்லாத பள்ளிக்கு எவ்வளவு நன்றாக எழுதினாலும் வீண்.

பிப்ரவரி 12

இப்போது சி.வி. இணைத்திருப்பதன் முதல் பக்கத்தில் பாதி இப்படிப் போகிறது: புகைப்படம், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, மதம், சமூகம், திருமண நிலை, தெரிந்த மொழிகள், பொழுதுபோக்கு. கடைசியில் 'மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மையென உறுதி கூறுகிறேன்', இடம், தேதி, கையொப்பம்.

அவ்வளவையும் எடுத்துவிடுங்கள். மொழிகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் பேசும் பிள்ளைகள் இருக்கும் பள்ளியில் அதற்கு மதிப்பு உண்டு. திருமணம், இனம் இதையெல்லாம் 2010-ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டப்படி எந்தப் பள்ளியும் தேர்வுக்குப் பார்க்கக் கூடாது; மதமும் அப்படித்தான், மதம் சார்ந்த பள்ளிகளுக்கு மட்டும் அதில் சில விலக்கு உண்டு. அதற்கென்று தனிப் படிவம் வரும். அது தேர்வுக் குழுவின் கைக்கு வராமல் பிரித்துவிடுவார்கள். நீங்களாகவே எழுதி வைத்தால், பார்க்கக் கூடாததை எங்கள் கண் முன்னால் வைக்கிறீர்கள். பிறந்த தேதி, படிவத்தில் கேட்டிருந்தால் அங்கே மட்டும்.

முதல் பக்கம் தொடங்கவேண்டியது இப்படி: பெயர், தொலைபேசி, மெயில். கியூ.டி.எஸ். வந்துவிட்டதா, விண்ணப்பித்திருக்கிறீர்களா. எந்த வயதுப் பிள்ளைகளுக்குக் கணிதம் எடுத்தீர்கள். அப்புறம் வேலை, இப்போதைய பள்ளி முதலில், பழையது பின்னால், மாதமும் ஆண்டும் சேர்த்து. 'எட்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு' என்று மட்டும் எழுதினால் இங்கே பலருக்குப் பிடிபடாது. '12–13 வயது', '14–15 வயது' என்று பக்கத்திலேயே போடுங்கள். அரசுப் பொதுத்தேர்வு, மாநிலப் பாடத்திட்டம் என்றும் ஒரு வரி. 'மெட்ரிக்' என்று மட்டும் போட்டால் இங்குள்ளவர்களுக்கு ஒன்றும் புரியாது.

வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்பதையும் எழுதுங்கள். 45 பேரை வைத்துப் பாடம் நடத்துகிறீர்கள். இங்கே 30 பேர் இருந்தாலே பெரிய வகுப்பு. அது உங்கள் பலம், சி.வி.யில் எங்கேயுமே காணோம்.

பிப்ரவரி 12, சற்றுக் கழித்து

'புகைப்படம் இல்லாத ரெசியூமை எங்கள் ஊரில் தூக்கிப் போட்டுவிடுவார்கள்' என்று கோவையிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். உள்ளூர்ப் பள்ளிக்கென்றால் கேட்டதைக் கொடுங்கள், அதில் எனக்கு வழக்கில்லை. நான் சொல்வது இங்கிலாந்துக்கு மட்டும்.

பிப்ரவரி 16

நூறு சதவீதத் தேர்ச்சிக்கு வருகிறேன். மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன், வருத்தப்படக் கூடாது.

உங்கள் சி.வி.யில் இந்த வரி ஐந்து இடத்தில் வருகிறது. நம் ஊரிலிருந்து வரும் ஏறக்குறைய எல்லா விண்ணப்பத்திலும் வருகிறது. படிக்கும் தலைமை ஆசிரியருக்கு அது எதையும் சொல்வதில்லை. நம் ஊர்க்காரியான எனக்கோ வேறு ஒன்றைச் சொல்கிறது. ஒன்பதாம் வகுப்பிலேயே சுமாரான பிள்ளைக்கு டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டு பத்தாம் வகுப்பில் நூறு சதவீதம் காட்டுகிற பள்ளிகள் நம்மிடம் உண்டு என்பது நம் எல்லாருக்கும் தெரியும். உங்கள் பள்ளி அப்படி என்று சொல்லவில்லை. அந்த வரியிலிருந்து அதைத் தெரிந்துகொள்ள வழியில்லை என்கிறேன்.

இங்கே 16 வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. பொதுத்தேர்வில் மதிப்பு 9 முதல் 1 வரை. 4 வாங்கினால் தேர்ச்சி, 5 வாங்கினால் நல்ல தேர்ச்சி. ஆனால் பள்ளியை எடைபோட 2016-லிருந்து 'புரோகிரஸ் 8' என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். தொடக்கப் பள்ளி முடிக்கும்போது ஒரு பிள்ளை எங்கே இருந்தது, அதே நிலையில் இருந்த நாட்டின் மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் இப்போது எங்கே வந்திருக்கிறது என்று பார்ப்பது. கோவிட் காலத்தில், 2020-லும் 2021-லும், தொடக்கப் பள்ளித் தேர்வுகள் நடக்கவில்லை. அதனால் 2025-லும் 2026-லும் ஜி.சி.எஸ்.இ. எழுதும் பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கைப் போட முடியாது. ஆனால் அந்தப் பார்வை எல்லாருடைய மண்டையிலும் ஊறிப்போய்விட்டது. 'எத்தனை பேர் பாஸ்' என்று கேட்கமாட்டார்கள். 'இந்தப் பிள்ளை எங்கிருந்து எங்கே வந்தது, அதில் உன் கை என்ன' என்றுதான் கேட்பார்கள்.

ஆகவே தம்பி, எனக்கு ஒரு பதில் எழுதுங்கள். ஆங்கிலம் வேண்டாம், தமிழிலேயே. சமீபத்தில் உங்கள் வகுப்பில் பிள்ளைகள் எந்தக் கணக்கில் தடுக்கினார்கள்? அது உங்களுக்கு எப்படித் தெரிந்தது? என்ன செய்தீர்கள்?

பிப்ரவரி 17

பாளையங்கோட்டைத் தம்பியின் பதில் வந்துவிட்டது. அவர் அனுமதியோடு அப்படியே போடுகிறேன்.

'ஏழாம் வகுப்பில் மைனஸ் 3 மைனஸ் 5 எவ்வளவு என்றால் பாதிப் பேர் பிளஸ் 8 என்கிறார்கள். நோட்டைத் திருத்தும்போது கவனித்தேன், எல்லாரும் ஒரே மாதிரி தப்பு. ஒரு பையனைக் கூப்பிட்டுக் கேட்டால், "மைனஸும் மைனஸும் பிளஸ்னு நீங்கதானே சார் சொன்னீங்க" என்கிறான். பெருக்கலுக்குச் சொன்னதைக் கூட்டலுக்குப் போட்டிருக்கிறார்கள். வராந்தாவில் சாக்பீஸால் எண்கோடு போட்டு ஒவ்வொருவராக நிற்க வைத்தேன். மைனஸ் 3-இல் நில், இன்னும் 5 இடப்பக்கம் நட, எங்கே நிற்கிறாய்? பெருக்கலை ரெண்டு நாள் தொடவே இல்லை. மறுவாரம் பாடம் தொடங்கும் முன் ஐந்து கணக்கு கொடுத்தேன். நாலு பேரைத் தவிர எல்லாரும் சரியாகப் போட்டார்கள். அந்த நாலு பேரை மதியம் சாப்பிட்டபிறகு உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். அந்த வாக்கியத்தை இப்போது நான் சொல்வதே இல்லை.'

இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை எனக்கு. இவ்வளவையும் கையில் வைத்துக்கொண்டா 'ஆர்வமும் அர்ப்பணிப்பும் மிக்க, கடின உழைப்பாளியான ஆசிரியர்' என்று எழுதி அனுப்பிக்கொண்டிருந்தீர்கள்!

ஒரு தேர்வுக் குழு இதில் என்னென்ன பார்க்கும் தெரியுமா? நோட்டைத் திருத்துகிறார், வெறும் டிக் போடாமல் தப்பின் காரணத்தைத் தேடுகிறார். பிள்ளையிடமே கேட்கிறார். தான் சொல்லிக்கொடுத்த விதத்தை மாற்றுகிறார். அடுத்த பாடத்துக்கு ஓடாமல் நிற்கிறார். ஒரு வாரம் கழித்து மறுபடி சோதிக்கிறார். விட்டுப்போன நாலு பேரையும் கைவிடவில்லை. இங்கிலாந்தில் ஆசிரியர்களுக்கு 2012 முதல் 'டீச்சர்ஸ் ஸ்டாண்டர்ட்ஸ்' என்று எட்டுத் தரங்கள் இருக்கின்றன. அந்த ஒரு பத்திக்குள் அவற்றில் நாலைந்து அடங்கிவிடுகின்றன, ஒன்றின் பெயரைக்கூட நீங்கள் சொல்லாமலே.

ஸ்டேட்மென்ட்டில் இதுபோல மூன்று பத்தி இருந்தால் போதும். ஆங்கிலத்தில் எழுதும்போதும் இதே வரிசையில், இதே நீளத்தில் எழுதுங்கள். பெரிய சொல்லாகத் தேடிப்போய் இதைக் கெடுத்துவிடாதீர்கள்.

பிப்ரவரி 23

ஈரோட்டிலிருந்து ஒரு சகோதரி: 'இரண்டு குழந்தைகளுக்காக ஆறு வருஷம் வேலையை விட்டேன். அதை மறைக்க, பழைய பள்ளியின் தேதியை நீட்டிப் போடலாமா? வீட்டில் டியூஷன் எடுத்தது உண்மை.'

வேண்டாம்மா. தேதியை நீட்டவே கூடாது. ஒழுக்கத்துக்காக மட்டும் சொல்லவில்லை, காரியத்துக்காகவும்தான். பழைய பள்ளிக்கு ரெஃபரன்ஸ் கேட்டு எழுதும்போது தேதி கேட்பார்கள். பொருந்தவில்லை என்றால் அங்கேயே முடிந்தது. முன்பு சொன்ன வழிகாட்டி, வேலை வரலாற்றில் இருக்கும் ஒவ்வொரு இடைவெளிக்கும் விளக்கம் கேட்கச் சொல்கிறது. பிள்ளைகளோடு பழகத் தகாத ஒருவர் ஒரு இடத்தில் பிடிபட்டு, அந்தக் காலத்தை மறைத்துக்கொண்டு இன்னொரு பள்ளியில் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காக வந்த விதி. குழந்தை வளர்த்த தாய்மார்களைக் குறைசொல்ல வந்ததல்ல.

ஆகவே நேராக எழுதுங்கள்: '2018 ஜூன் முதல் 2024 மே வரை குழந்தை வளர்ப்பு. இக்காலத்தில் வீட்டில் ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர்களுக்குக் கணிதம் கற்பித்தேன்.' உங்கள் தேதிகளைப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு வரி, போதும். மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டாம். படிவங்களில் பள்ளிப்படிப்பு முடித்த நாளிலிருந்தே வரிசை கேட்பார்கள். பி.எட். சீட்டுக்குக் காத்திருந்தது, டி.ஆர்.பி. தேர்வுக்குப் படித்தது, அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் ஊரில் இருந்தது எல்லாமே எழுதத் தக்கவைதான்.

டியூஷனைப் பற்றி இன்னும் ஒன்று. நம் பெண்கள் அதை ஏதோ கைச்செலவுக்குச் செய்த வேலைபோல ஒதுக்கிவிடுகிறார்கள். திண்ணையில் ஆறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு பள்ளி, ஒவ்வொரு பாடத்திட்டம், அத்தனையையும் சமாளித்திருக்கிறீர்கள். அதிலிருந்து ஒரு பிள்ளையின் கதை ஸ்டேட்மென்ட்டுக்கு வரலாம். பிள்ளையின் பெயர் மட்டும் வேண்டாம்.

மார்ச் 2

ரெஃபரன்ஸ் பற்றிப் பலர் கேட்டுவிட்டார்கள்.

நம்மிடம் அனுபவச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்றிதழ் என்று வாங்கி ஃபைலில் வைத்திருப்போம். 'யாருக்குரியதோ அவருக்கு' என்று பொதுவாக எழுதிய காகிதத்தை இங்கே ரெஃபரன்ஸாக ஏற்பதில்லை. பள்ளியே நேரடியாக உங்கள் தலைமை ஆசிரியருக்கு எழுதிக் கேட்கும். இப்போது வேலை பார்க்கும் பள்ளியிலிருந்து ஒருவர் கட்டாயம். சொந்தக்காரர், நண்பர் கூடாது. ஜிமெயில் முகவரி கொடுத்தால் சந்தேகம் வரும். பள்ளியின் பெயரில் மெயில் இருந்தால் அதைக் கொடுங்கள். பல பள்ளிகள் நேர்காணலுக்கு முன்பே ரெஃபரன்ஸ் வாங்கிவிடும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

இங்கேதான் நம் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். வெளியே போகப்போகிறோம் என்று தெரிந்தால் பள்ளி நிர்வாகம் என்ன செய்யும் என்ற பயம். ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை வேலைக்குச் சேரும்போதே வாங்கி பீரோவில் பூட்டிக்கொள்ளும் நிர்வாகங்கள் உண்டு. நான் பார்த்த ஒரு பள்ளியிலும் அப்படித்தான். கல்யாணத்துக்கு லீவு கேட்டாலே 'சர்டிபிகேட் எங்களிடம்தான் இருக்கிறது, ஞாபகம் இருக்கட்டும்' என்பார் தாளாளர். சம்பளம் கொடுக்கிறவர் நம் படிப்பையும் பிடித்துவைத்துக்கொள்ள என்ன உரிமை? இன்னும் கோபம் போகவில்லை எனக்கு. சேரும்போது நகல் கொடுங்கள், ஒரிஜினலைக் காட்டிவிட்டுக் கையோடு கொண்டுவந்துவிடுங்கள்.

செய்யக்கூடியது: தலைமை ஆசிரியர் நல்லவரானால் முன்கூட்டியே தனியாகப் பேசிவிடுங்கள். நிர்வாகத்தைவிட அவர்கள் பெரும்பாலும் ஆசிரியர் பக்கம் நிற்பவர்கள். எங்கள் தலைமை ஆசிரியை எனக்கு எழுதிய ரெஃபரன்ஸில், எந்தப் பாடத்தை நான் எப்படி நடத்தினேன் என்று வகுப்பில் உட்கார்ந்து பார்த்ததையே எழுதியிருந்தார். படிவத்தில் 'ரெஃபரன்ஸுக்கு என் பள்ளியைத் தொடர்புகொள்ளும் முன் என்னிடம் சொல்லுங்கள்' என்று குறிப்பிட இடம் இருக்கும். அதைப் பயன்படுத்துங்கள்.

மார்ச் 9

லண்டன் ஹாரோவிலிருந்து ஒரு அண்ணா எழுதியிருக்கிறார். யாழ்ப்பாணத்தில் கணித ஆசிரியராக இருந்தவர், இங்கே வந்து பள்ளி ஒன்றில் டீச்சிங் அசிஸ்டென்ட். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் தொண்டராகவும் படிப்பிக்கிறார். 'நீங்கள் சொன்ன வழி எங்களுக்கும் உண்டோ?' என்கிறார்.

கியூ.டி.எஸ்.ஸுக்கு நேரடியாக விண்ணப்பிக்கக்கூடிய நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை, அண்ணா. இது நியாயமாகத் தெரியவில்லை எனக்கு. ஆனால் வழி அடைபட்டுவிடவில்லை. வெளிநாட்டில் பயிற்சி பெற்ற ஆசிரியர் அரசுப் பள்ளியில் கியூ.டி.எஸ். இல்லாமல் நான்கு ஆண்டு வரை கற்பிக்கலாம். தனியார் பள்ளிகள் அது இல்லாதவரையும் எடுத்துக்கொள்கின்றன. நீங்கள் வேலை பார்க்கும் பள்ளியிலேயே பயிற்சிக்கு எடுத்துக்கொள்வார்களா என்று முதலில் கேளுங்கள்.

உங்கள் சி.வி.யில் டீச்சிங் அசிஸ்டென்ட் வேலை மூன்று வரி, யாழ்ப்பாணத்து வேலை ஒரே வரி. முன்னது புதிது என்பதால் மேலே வரட்டும், ஆனால் பின்னதை ஏன் இப்படிச் சுருக்கினீர்கள்? உயர்தரத்துக்கு இணைந்த கணிதம் படிப்பித்தவர் நீங்கள். அது இங்கே 18 வயதில் எழுதும் ஏ லெவல் தேர்வுக்கு ஒப்பானது என்று எழுதுங்கள். ஏ லெவல் எடுக்கத் தெரிந்த ஆள் கிடைக்காமல் பள்ளிகள் திண்டாடுகின்றன. தமிழ்ப் பள்ளியையும் கடைசி வரியிலிருந்து மேலே கொண்டுவாருங்கள். அங்கே டி.பி.எஸ். என்ற குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு செய்திருப்பார்கள், பிள்ளைகள் பாதுகாப்புப் பயிற்சி கொடுத்திருப்பார்கள், பெற்றோரோடு பேசியிருப்பீர்கள்.

மார்ச் 15

இந்த வாரம் எங்களுக்கு வந்த விண்ணப்பங்களில் இரண்டு ஸ்டேட்மென்ட்டின் முதல் பத்தி ஏறக்குறைய ஒன்றேதான். வேறு வேறு ஊர், வேறு வேறு ஆள். சாட்ஜிபிடி எழுதியது என்று யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. குழுவில் யாரும் கோபப்படவில்லை. ஆனால் பிடித்துக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை, அடுத்ததைப் புரட்டிவிட்டோம். அந்த இருவரிடமும் மைனஸ் 3 மைனஸ் 5 மாதிரி ஒன்று கட்டாயம் இருந்திருக்கும் என்பதுதான் என் ஆதங்கம்.

இலக்கணம் திருத்த, எழுத்துப்பிழை பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வகுப்பை அதற்குத் தெரியாது.

மார்ச் 16

'பக்கக் கணக்கு என்ன?' சி.வி. இரண்டு பக்கம். ஸ்டேட்மென்ட், விளம்பரத்தில் சொல்லியிருந்தால் அதன்படி. சொல்லவில்லை என்றால் ஏ4 அளவில் ஒன்றரையிலிருந்து இரண்டு.

மார்ச் 23

பிப்ரவரியில் மூன்று பத்தி இருந்தால் போதும் என்று எழுதியதைச் சிலர் அப்படியே பிடித்துக்கொண்டு, மூன்று கதையை மட்டும் எழுதி அனுப்புகிறார்கள். அதன்மேல் கொஞ்சம் சேர்க்கிறேன்.

விளம்பரத்தோடு 'பெர்சன் ஸ்பெசிபிகேஷன்' என்று ஒரு பட்டியல் வரும். கட்டாயம் வேண்டியவை, இருந்தால் நல்லது என்று இரண்டு பகுதி. நாங்கள் தேர்ந்தெடுக்கும்போது அந்தப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் விண்ணப்பத்தில் ஆதாரம் இருக்கிறதா என்று மதிப்பெண் போடுகிறோம். பெரும்பாலான பள்ளிகளில் இதுதான் முறை. ஒரு காகிதத்தில் அந்தப் பட்டியலை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே உங்கள் வகுப்பிலிருந்து ஒன்றைக் குறியுங்கள். அப்புறம் எழுதத் தொடங்குங்கள். ஒரே கதை அந்தப் பட்டியலின் மூன்று வரிகளுக்கு ஆதாரமாகலாம்.

நம்மவர்கள் விட்டுவிடுகிற இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, பிள்ளைகள் பாதுகாப்பு. 'மாணவர்கள் மீது அக்கறை கொண்டவர்' என்றால் போதாது. ஒரு பிள்ளை தொடர்ந்து பசியோடு வருகிறது, கையில் காயம் இருக்கிறது, ஒரு மாதமாகப் பேச்சே இல்லை. அதை எப்படிக் கவனித்தீர்கள், யாரிடம் சொன்னீர்கள்? நம் ஊரில் பிள்ளைகளுக்கான 1098 உதவி எண் பாடப்புத்தகத்திலேயே அச்சாகி வருகிறது. அதைப் பற்றி வகுப்பில் பேசியிருந்தால் எழுதுங்கள். சந்தேகம் வந்தால் நானே விசாரிக்கப் போகாமல், அதற்கென்று பொறுப்பில் இருப்பவரிடம் அன்றே சொல்வேன் என்ற புரிதல் அந்தப் பத்தியில் தெரிய வேண்டும்.

இன்னொன்று, ஒழுங்கு. 'கண்டிப்பான ஆசிரியர்' என்று எழுதினால் இங்கே பயந்துவிடுவார்கள். பிரம்பு, முட்டிபோட வைப்பது எதுவும் எழுத்தின் ஓரத்தில்கூட வரக் கூடாது, செய்கையிலும் கூடாது. 45 பேரை அமைதியாக உட்கார வைக்க என்ன வழக்கம் வைத்திருந்தீர்கள் என்று எழுதுங்கள். நுழைந்ததும் பலகையில் ஒரு கணக்கு இருக்கும், பெஞ்சுக்கு ஒருவர் நோட்டு வாங்கித் தருவார், இப்படி. அந்தச் சின்ன வழக்கங்களில்தான் அனுபவம் தெரிகிறது.

ஏப்ரல் 6

'ஒரே ஸ்டேட்மென்ட்டை எல்லாப் பள்ளிக்கும் அனுப்பலாமா?' வகுப்புப் பத்திகள் அப்படியே இருக்கட்டும். முதல் பத்தி மட்டும் பள்ளிக்குப் பள்ளி மாறவேண்டும். பள்ளியின் இணையதளத்தில் பாடத்திட்டப் பக்கம், கணிதத்துக்கு எந்தத் தேர்வு வாரியம், 18 வயது வரை வகுப்பு இருக்கிறதா, வேற்றுமொழி பேசும் பிள்ளைகள் எவ்வளவு என்று பார்த்தாலே நாலு வரிக்கு விஷயம் கிடைக்கும். 'உங்கள் புகழ்பெற்ற நிறுவனம்' என்று எழுதி வேறு பள்ளியின் பெயரை மாற்றாமல் விட்டுவிடுகிறவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் இருக்கிறார்கள்.

காலமும் முக்கியம். இங்கே ஆசிரியர்கள் ஆகஸ்ட் கடைசியில் விலக வேண்டுமென்றால் மே 31-க்குள் கடிதம் கொடுத்தாக வேண்டும். அதனால் செப்டம்பர் வேலைகளின் விளம்பரங்கள் இப்போதிலிருந்து மே வரை குவியும். கடைசித் தேதி வரைக்கும் காத்திருக்காதீர்கள். நல்ல விண்ணப்பங்கள் வந்துவிட்டால் முன்கூட்டியே மூடிவிடும் பள்ளிகள் நிறைய. வரைவை இன்றே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 20

பாளையங்கோட்டைத் தம்பியின் புது ஸ்டேட்மென்ட் வந்தது. எண்கோட்டுப் பத்தி பிரமாதம். ஆங்கிலம் எளிமையாக, நேராக இருக்கிறது. இரண்டு திருத்தம் சொல்கிறேன்.

பெற்றோர் பற்றிய பத்தியில் 'பெற்றோருடன் நல்லுறவு பேணினேன்' என்று நிறுத்திவிட்டீர்கள். போனில் நீங்கள் சொன்னதை எழுதுங்கள். பீடி சுற்றும் அம்மா, சாயங்காலம்தான் வரமுடியும் என்றார், அவருக்காகப் பள்ளி விட்டபிறகு காத்திருந்து மகளின் நோட்டைக் காட்டி, எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் மகளின் கணக்கு எங்கே முன்னேறியிருக்கிறது என்று புரியவைத்தீர்கள். அதைப் போய் விட்டுவிட்டு நல்லுறவு என்கிறீர்களே!

இரண்டாவது, 'உங்கள் பள்ளியில் சேவை செய்ய ஒரு வாய்ப்பு அளித்தால் என்றென்றும் கடமைப்பட்டிருப்பேன்' என்ற கடைசி வரி. எடுத்துவிடுங்கள். கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்த ஆள் அவர்களுக்கும் வேண்டும். கையேந்தி நிற்கவேண்டியதில்லை.

மே 11

நேர்காணல் அழைப்பு வந்துவிட்டது என்று தம்பி எழுதியிருக்கிறார்! வீடியோவில். இன்று பூராவும் மகிழ்ச்சியாக இருந்தேன். ஈரோட்டுச் சகோதரியும் இரண்டு பள்ளிக்கு அனுப்பியிருக்கிறார்.

அவசரமாகச் சில. நேரில் வருபவர்களை ஒரு வகுப்புக்கு அரை மணிநேரம்போலப் பாடம் எடுக்கச் சொல்வார்கள். வீடியோவில் என்றால், பாடத்தைத் திட்டமிட்டு விளக்கச் சொல்வார்கள், இல்லையென்றால் நீங்கள் எடுத்த வகுப்பின் பதிவைக் கேட்பார்கள். அனுப்பிய ஸ்டேட்மென்ட்டைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள், கேள்வி அதிலிருந்துதான் வரும். 'அந்த நாலு பிள்ளைகள் அப்புறம் என்ன ஆனார்கள்?' என்று நானாக இருந்தால் கேட்பேன். தெரியவில்லை என்றால் நாளைக்கே அவர்கள் நோட்டை வாங்கிப் பாருங்கள். பாதுகாப்புக் கேள்வி ஒன்று நிச்சயம் இருக்கும். நேர்காணலுக்குத் தேர்வானவர்களை இணையத்தில் தேடிப் பார்ப்பதும் 2022-லிருந்து அந்தப் பிள்ளைகள் பாதுகாப்பு வழிகாட்டியில் இருக்கிறது. ஆகவே ஃபேஸ்புக்கில் மாணவர்களின் முகம் தெரிகிற படங்கள் போட்டிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். இந்தியாவிலிருந்து போலீஸ் சான்று கேட்பார்கள், பாஸ்போர்ட் அலுவலகம் வழியாக வாங்குவதை இப்போதே தொடங்கிவிடுங்கள்.

செவ்வாய் மாலை எனக்கு வகுப்பில்லை. உங்களுக்கு ராத்திரி ஆகிவிடும், பரவாயில்லை என்றால் கூப்பிடுங்கள், ஒருமுறை கேள்வி கேட்டுப் பார்க்கலாம்.